சுருட்டின் வலிமை ஐந்து எனத் தீர்மானிக்கப்பட்டது

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் முதலில் அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் தாகம் எடுக்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். சட்டைக் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் துண்டுத் துணியைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் சட்டை அழகாகிறது. கண், மூக்கு, நாக்கு என்று ஆண்டவன் கொடுத்ததை எல்லாம் சும்மா சுமந்துகொண்டு திரிகிறார்கள். வாடகைக்கு விட்டால்கூட யாருக்காவது பிரயோசனப்படும்.

இது கார்மேகத்தின் கட்சி. ஷார்ஜாவில் ரோலா பக்கம் எட்டுப் பேர் தங்கும் அறையில் இதை அவர் தினமும் சொல்வார். மற்ற ஏழு பேரும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள். ஆனாலும் அவர் சொல்வதை விடவில்லை. ஏனென்றால் அவர் வேலை பார்த்த இடம் அப்படி.

பர் துபாயில் ஒரு ஹோட்டலின் நான்காவது மாடி. வாசலில் பித்தளைப் பலகை. ‘வளைகுடா சுருட்டுச் சுவைஞர் பேரவை.’ உள்ளே நுழைந்தால் தோல் நாற்காலிகள், மேலே புகையை உறிஞ்ச ஒரு யந்திரம், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பேரவையின் விதிமுறைகள். உறுப்பினர்களில் முக்கால்வாசி நம்மூர்க்காரர்கள். வங்கி, இன்ஷூரன்ஸ், இன்னும் கட்டாத கட்டடங்களை விற்கிற கம்பெனி என்று பல இடங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து கியூபாச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

கார்மேகத்துக்கு அங்கே ஈர அறையில் வேலை. சுருட்டுக்கு ஈரம் குறைந்தால் இலை வெடித்துவிடும். கூடினால் பூசணம் பிடித்துவிடும். அதற்காகக் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஓர் அறை, மர அலமாரிகள், சுவரில் ஈரம் காட்டும் முள். கார்மேகம் அந்த முள்ளை ஒருநாளும் நம்பியதில்லை. துபாய் வருவதற்கு முன் வேடசந்தூரில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருசம் இலைக்குத் தண்ணீர் தெளித்துப் பதம் பார்த்தவர் அவர். ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு விரலால் லேசாக உருட்டுவார். சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார். பேரவையின் செயலாளர் பத்மநாபன் அதைப் பார்க்கும்போதெல்லாம், “கார்மேகம், முள்ளு என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்பார். கார்மேகம் முள்ளைப் பார்ப்பார். முள் அவர் சொன்னதைத்தான் அரை மணி நேரம் கழித்துச் சொல்லும்.

அவர் அங்கே சேர்ந்த காலத்தில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் மெல்லிய சுருட்டுதான் பிடித்தது. தொண்டையில் உரசக் கூடாது, நெஞ்சில் உட்காரக் கூடாது, வீட்டுக்குப் போனால் மனைவிக்கு வாடை தெரியக் கூடாது. அதற்கென்று தலைவர் ஸ்ரீனிவாசன் கியூபாவிலிருந்து மெல்லிய சுருட்டாகப் பார்த்து மொத்தமாக வாங்கி அலமாரி முழுக்க அடுக்கிவிட்டார். பேரவையில் வலிமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் உண்டு. இந்தச் சுருட்டுக்கு நம்பர் இரண்டு. பெட்டிக்குப் பெட்டி ‘2’ என்று வட்டச் சீட்டு ஒட்டியவர் கார்மேகம்தான்.

அந்த வருசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வரை அந்தச் சுருட்டு எல்லோருக்கும் பிடித்திருந்தது. சனிக்கிழமை யாருக்கும் பிடிக்கவில்லை. நடுவில் நடந்தது இவ்வளவுதான்: வெளிநாடு போய்வந்த ஓர் உறுப்பினர் வழவழப்பான ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். உலகத்தில் இப்போது ரசனை மாறிவிட்டது, விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் காரமான சுருட்டுக்குப் போய்விட்டார்கள், மெல்லியது பிடிப்பவர்கள் கற்றுக்குட்டிகள் என்று அதில் எழுதியிருந்ததாம். இருபது வருசமாக மெல்லியது குடித்த ஆட்கள் அன்று அதே சுருட்டை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “என்ன இது, காத்து மாதிரி இருக்கு” என்று சாம்பல் கிண்ணத்தில் வைத்தார்கள்.

அலமாரியோ நிறைந்து கிடந்தது. அதை என்ன செய்வது என்று அவசரக் கூட்டம் போட்டார்கள். கார்மேகம் டீ கொண்டுபோனவர், காலிக் கோப்பைகளுக்காக ஓரமாக நின்றார்.

காரமான சுருட்டாக வாங்கிவிடலாமே என்றார் ஒருவர். தலைவர் ஸ்ரீனிவாசன் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

“நண்பர்களே, வலிமைங்கறது இலையில இருக்குன்னு நினைக்கறது பாமரத்தனம். இலை செடியில வருது. செடியை யார் வேணாலும் வளர்க்கலாம். வலிமை நிர்வாகத்துல இருந்து வருது. நான் பதினாறு வருஷமா ஒரு கம்பெனியை நடத்தறேன். அங்க என்ன தயாராகுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணினதும் இல்ல. ஆனா நான் கையெழுத்துப் போட்டாத்தான் லாபம் லாபம், நஷ்டம் நஷ்டம். அதே ஒழுங்கு இங்கயும் வேணும். இந்தச் சுருட்டு இரண்டுன்னு யார் சொன்னது? நாமதான் சொன்னோம். சொன்னவங்களுக்குத் திருத்திச் சொல்ல உரிமை உண்டு.”

எல்லோரும் யோசனையோடு தலையை ஆட்டினார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானம் பதினேழு: மேற்படி சுருட்டின் வலிமை இன்று முதல் ஐந்து.

“ஆறா வச்சுட்டா என்ன?” என்று நாகலிங்கம் என்ற உறுப்பினர் கேட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருப்பவர்.

“பொறுப்பில்லாம பேசக் கூடாது, நாகலிங்கம். ஆறு உடம்புக்கு ஆகாது” என்றார் தலைவர்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கார்மேகம் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு இரண்டுகளைச் சுரண்டி எடுத்து ஐந்துகளை ஒட்டினார். சந்தேகத்துக்கு ஒன்றை எடுத்துக் காதோரம் உருட்டினார், மோந்து பார்த்தார். அதே சோளத்தட்டை மாதிரி லேசான இலை. தீர்மானம் அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

ஆனால் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே வங்கிக்காரர் ஒருவர் பாதிச் சுருட்டில் வியர்த்து விறுவிறுத்து நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த நாள் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் மயக்கம் வராதவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பேரவை உடனே நடவடிக்கை எடுத்தது. சாய்வதற்கென்று தனியாக ஒரு நீள நாற்காலி வந்தது. மயக்கப் பதிவேடு என்று ஒரு தடிமனான நோட்டு வந்தது. சாயங்காலம் மட்டும் வேலை பார்க்க ஆபிதா என்ற நர்ஸ் வந்தாள். நாகூர்க்காரி, முப்பத்தைந்து வயசு இருக்கும், பகலில் கராமாவில் ஒரு கிளினிக்கில் டூட்டி.

மயக்கத்துக்கும் தரம் பிரித்தார்கள். தலை சுற்றினால் முதல் நிலை, கண் இருட்டினால் இரண்டாம் நிலை, விழுந்தால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையை மூன்று முறை தொட்டவருக்குப் பொதுக்குழுவில் முன்வரிசை. ஒரு மாசமாக மயக்கமே வராத நாகலிங்கத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். கட்டடம் விற்கிறவர் ஒருவர் சுருட்டைப் பற்றவைக்கும் முன்பே விழுந்துவிட்டார். முனையைக் கத்தரித்த வாசனையே தாங்கவில்லை என்று பதிவேட்டில் எழுதி, நுண்ணிய ரசனைக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கார்மேகம் ஒரு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுபோகும்போது ஆபிதாவிடம் கேட்டார்.

“ஏம்மா, இவுகளுக்கு நெசமாவே மயக்கம் வருதா?”

“வருதுண்ணே. பிரஷர் பாத்தேன், எறங்கித்தான் இருக்கு.”

“அது பழைய ரெண்டாம் நம்பருதாம்மா. நாந்தான் சீட்டு மாத்துனேன்.”

ஆபிதா பிரஷர் கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். “அப்ப நாளைலேர்ந்து சுருட்ட எடுத்து வச்சுட்டு, சீட்ட மட்டும் உருட்டிக் கொளுத்திக் குடுங்கண்ணே. செலவு மிச்சம்.”

வலிமை இப்படி ஒழுங்குக்கு வந்த பிறகு சுவையைச் சும்மா விடுவார்களா? சுவைக் குழு என்று ஐந்து பேர் உட்கார்ந்து, சுருட்டில் வரலாம் என்று அனுமதிக்கப்பட்ட நாற்பத்திரண்டு சுவைகளுக்குப் பட்டியல் போட்டார்கள். கோகோ, தேவதாரு மரம், ஈர மண், பழைய புத்தகம், குதிரைச் சேணம் என்று போனது அது. குதிரைச் சேணத்தை யார் வாயில் வைத்துப் பார்த்தார்கள் என்று கார்மேகம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குழு இருக்கும்.

விளக்கம் கொடுத்து முடித்த நாகலிங்கம் அடுத்து இதில் மாட்டிக்கொண்டார். புகையை விட்டுவிட்டு வாய்தவறி, “வறுத்த கடலைத் தோல் கருகின மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டார். அது உண்மை. கார்மேகத்துக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கடலைத் தோல் பட்டியலில் இல்லை. புதுச் சுவைக்கான மூன்று பக்க விண்ணப்பம் போடச் சொன்னார்கள். போட்டார். ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: கடலைத் தோல் கௌரவமான வாசனை அல்ல, மேற்படி உறுப்பினருக்கு வந்தது வாதுமை என்று பதிவு செய்யப்படுகிறது, இனிமேல் அவருக்குத் தோன்றுவதை முதலில் செயலாளரிடம் தோன்றச் செய்ய வேண்டும்.

இந்தக் கூத்தை எல்லாம் கார்மேகம் தூர நின்று பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு வருசம் தண்ணீர் தெளித்திருப்பார். இரண்டாயிரத்து ஆறு மார்ச் மாசம் ஜெய்னுலாப்தீன் வந்து காரியத்தைக் கெடுத்தார்.

ஜெய்னுலாப்தீன் பேரவையின் விசா வேலைகளை எல்லாம் பார்ப்பவர். கீழக்கரைக்காரர். கையில் எப்போதும் நாலு பாஸ்போர்ட் இருக்கும்.

“கார்மேகண்ணே, ஒங்க பாஸ்போர்ட்டுல ஜூன் ஒண்ணோட அறுவது முடியுது. அறுவது தாண்டுனா லேபர் விசா புதுப்பிக்க மாட்டாங்க. ஹலாஸ், அவ்வளவுதான்.”

“எனக்கு அம்பத்தாறுதான் பாய் ஆவுது.”

“பாஸ்போர்ட்டு அப்படிச் சொல்லலையே.”

பாஸ்போர்ட் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. கார்மேகம் முதன்முதலில் வெளிநாடு கிளம்பியபோது, முப்பது வயசுக்கு மேற்பட்ட ஆள்தான் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அவருக்கு அப்போது இருபத்தெட்டு. பிறந்த தேதிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மதராஸில் ஏஜெண்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முப்பத்திரண்டுன்னு போடறேன். ஜூன் ஒண்ணு. மறந்துராத” என்று எழுதிவிட்டான். டீ ஆறுவதற்குள் நாலு வருசம் ஓடிப்போனது. அந்த நாலு வருசத்தில் அவர் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை. ஆனால் இப்போது அது திரும்பிவந்து கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

மகள் நாகவள்ளி திண்டுக்கல்லில் நர்சிங் படிப்பில் இரண்டாம் வருசத்தில் இருந்தாள். இன்னும் இரண்டு வருசம் பாக்கி. கார்மேகத்துக்கு வேண்டியதும் அந்த இரண்டே வருசம்தான். அதற்குமேல் ஒரு நாள் இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டார்.

“ஒரு வழி இருக்கு” என்றார் ஜெய்னுலாப்தீன். “இந்த ஆளு நிபுணரு, இவருக்குப் பதிலா வேற ஆளு கெடைக்காதுன்னு கம்பெனி லெட்டர் குடுத்தா, நான் எடுத்துட்டுப் போயி நின்னு பாத்துருவேன். லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க.”

கார்மேகம் பத்மநாபன் அறைக்குப் போனார். பத்மநாபன் சென்னைக்காரர், நல்ல மாதிரியான மனிதர். நல்ல மாதிரி என்றால், முடியாது என்பதை முகம் சுளிக்காமல் சொல்பவர்.

“நிபுணர்னு லெட்டரா? அது பேரவை கூடித்தான் குடுக்க முடியும், கார்மேகம். உங்களைத் தேர்வு பண்ணணும். நாக்கைச் சோதிக்கணும். அதுக்கெல்லாம் முறை இருக்கு.”

“முறை எல்லாம் எதுக்குங்க சார்? எனக்கு இன்னொரு யோசனை தோணுது.”

“சொல்லுங்க.”

“ரெண்டா இருந்த சுருட்ட அஞ்சுன்னு தீர்மானம் போட்டீங்கள்ல. அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்ருங்க. இவருக்கு வயசு அம்பத்தாறுன்னு. அது நெசமும்கூட.”

பத்மநாபன் பேனாவை மூடிவைத்தார். தன் மனைவியைப் பற்றிக் கார்மேகம் தப்பாக ஏதோ சொல்லிவிட்ட மாதிரி அவர் முகம் போனது.

“என்ன பேசறீங்க? வயசு பாஸ்போர்ட்டுல அச்சாகியிருக்கு. அச்சான ஒண்ணை நாம மாத்தறதா? நாங்க பொறுப்பான அமைப்பு.”

“சுருட்டுப் பெட்டியில இருந்ததும் அச்சான சீட்டுதானே சார். நாந்தானே சொரண்டுனேன்.”

“அது நாங்க அச்சடிச்சது. இது அரசாங்கம் அச்சடிச்சது.”

“ரெண்டும் பொய்யாத்தானே இருக்கு.”

“பொய்யா இருந்தாலும் ஒழுங்கா அச்சடிச்சிருக்காங்க. அதை மதிக்கணும்” என்றார் பத்மநாபன். பிறகு இரக்கப்பட்டு மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “வர்ற கூட்டத்துல உங்களை அஞ்சாவது பொருளா சேர்த்துக்கறேன். நம்ம சுருட்டைத்தான் குடுப்பாங்க. வலிமை என்னன்னு கேப்பாங்க. தலைவருக்குப் பிடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போங்க. லெட்டர் ரெடியா டைப் பண்ணி வச்சிருக்கேன், கையெழுத்துதான் பாக்கி.”

கூட்டம் ஏப்ரல் கடைசியில் வந்தது. அதுவரை கார்மேகத்துக்கு ஒரே யோசனை. அவர் யாரையும் நம்பாதவர்தான். பஸ்ஸில் ஏறினால் பலகையைப் பார்த்து, டிரைவரைக் கேட்டு, பக்கத்து ஆளையும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஆனால் தன் நாக்கை மட்டும் நம்பினார். கிட்டங்கியில் முதலாளி முகத்துக்கு நேராகவே, “இது போன வருசத்துச் சரக்கு, கலந்துட்டீங்க” என்று சொல்லி அடி வாங்கியவர். அந்த நாக்கை வைத்துக்கொண்டு ஐந்து என்று சொல்வதா?

கூட்டத்தன்று வெளியே காத்திருக்கும்போது ஆபிதா வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னண்ணே, பரீட்சைக்குப் படிச்சுட்டீங்களா?”

“சொல்ல வாய் வரலம்மா.”

“ஒரே வார்த்தண்ணே. உள்ள இருக்கறவங்க அந்த ஒரு வார்த்தைக்காகக் கீழயே விழறாங்க. நீங்க சொல்லிட்டு நிமுந்து வந்துருங்க. நாகவள்ளி நர்சாயிட்டா இந்த மாதிரி ஆளுகளுக்கெல்லாம் பிரஷர் பாக்கணும், அதையும் யோசிச்சுக்கங்க.”

கார்மேகம் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. உள்ளே நாலாவது பொருள் ரொம்ப நேரம் நடந்தது. கை தட்டினார்கள். ஒருவர் உரக்க ஏதோ படித்தார். மறுபடியும் கை தட்டினார்கள். கதவு திறந்து பத்மநாபன் கூப்பிட்டார்.

நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர் ஸ்ரீனிவாசன். எதிரே ஒரு நாற்காலி. வெள்ளித் தட்டில் வளையச் சீட்டு உரித்த ஒரு சுருட்டு. கார்மேகம் அதைக் கையில் எடுத்தபோதே இன்னதென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. அவரே தண்ணீர் தெளித்தது.

பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்தார். நாக்கில் ஒன்றும் தங்கவில்லை. மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு வாசனை, கடைசியில் லேசாகக் கடலைத் தோல். இரண்டுகூட அதிகம். ஒன்றே முக்கால் என்று ஒரு நம்பர் இருந்தால் அதைக் கொடுக்கலாம்.

“சுவை?” என்றார் தலைவர்.

“குதிரைச் சேணமுங்க.”

மேசைக்குப் பின்னால் பென்சில்கள் ஓடின. ஒருவர் தலையசைத்தார்.

“வலிமை?”

கார்மேகம் சுருட்டைப் பார்த்தார். நாகவள்ளியின் இரண்டு வருசத்தை நினைத்தார்.

“அஞ்சு” என்றார்.

யாரும் எழுதவில்லை. பென்சில்கள் அப்படியே நின்றன. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அஞ்சா?”

“அஞ்சுதாங்க. நல்லாப் புடிக்குது. தலைகூடச் சுத்துற மாதிரி இருக்கு.”

“இது இரண்டு” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “இன்னிக்குச் சாயங்காலம் ஆறு இருபதுக்குச் சபை ஏகமனதா உறுதிப்படுத்தியிருக்கு.”

கார்மேகம் பத்மநாபனைப் பார்த்தார். பத்மநாபன் ஜன்னலைப் பார்த்தார். மேசைமேல் புதுசாக வந்த வழவழப்பான பத்திரிகை ஒன்று திறந்து கிடந்தது. உலகத்தில் ரசனை மறுபடி மாறிவிட்டதாம். காரத்தைத் தேடுவது முரட்டு நாக்கின் அடையாளமாம். விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் மெல்லியதற்குத் திரும்பிவிட்டார்களாம்.

தலைவர் எழுந்து நின்றார். ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு எழுந்து நின்றால்தான் பேச்சு வரும்.

“நம்ம பேரவை ஆரம்பத்துலேர்ந்தே இதை இரண்டுன்னுதான் சொல்லிட்டு வருது. பழைய பதிவேட்டைப் பாத்தா தெரியும். நடுவுல சில பேர் ஐந்துன்னு வதந்தி கிளப்பினாங்க. அவங்க யாருன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கோம். அந்தக் குழுவுக்கு நானே தலைமை வகிக்கிறேன், ஏன்னா அந்த விஷயத்துல என்னை விட விவரம் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்ல. இந்தச் சுருட்டைக் குடிச்சு மயங்கி விழுந்ததா சொல்றவங்க மேலயும் விசாரணை உண்டு. இரண்டாம் நம்பர் சுருட்டுக்கு மயக்கம் வர்றது விஞ்ஞானப்படி சாத்தியமில்ல.”

முன்வரிசைக்காரர்கள் மூன்று பேர் அந்த மேசையிலேயே இருந்தார்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

“சார், ரெண்டுதான்னு எனக்குத் தெரியும்” என்றார் கார்மேகம். “மொத இழுப்புலயே தெரியும். பெட்டி மேல அஞ்சுன்னு போட்டிருக்கீகளேன்னு உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.”

“அப்ப சபை முன்னாடி பொய் சொல்லியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“பொய் சொல்ற நாக்குக்கு நாங்க எப்படிச் சான்று குடுக்கறது, பெரியவரே? எங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கில்ல?” தலைவர் உட்கார்ந்துகொண்டார். “நிபுணர் கடிதம் மறுக்கப்படுகிறது. அவருடைய சேவைக்கு நன்றி பதிவு செய்யப்படுகிறது. ஆறாவது பொருள்.”

கார்மேகம் சுருட்டை வெள்ளித் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அத்தனை வருசத்தில் முதன்முதலாகச் சொன்ன பொய், அதையும் ஒரு மணி நேரம் பிந்திச் சொல்லியிருக்கிறார். கோபம் அவர்கள் மேல் வந்ததை விடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. இந்தக் கூட்டத்தை நம்பிப் பொய் சொன்னதற்கு இன்னும் இரண்டு அறை வாங்கலாம்.

ஈர அறைக்குப் போய்த் தன் துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டார். பின்னாலேயே பத்மநாபன் வந்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க, கார்மேகம். எனக்கே கடைசி நேரத்துலதான் தெரியும். அப்புறம் ஒண்ணு... போறதுக்குள்ள அந்த ஐந்தையெல்லாம் எடுத்துட்டு இரண்டு ஒட்டிடணும். சனிக்கிழமை விசாரணைக் குழு பார்வையிட வருது. அப்ப ஐந்துன்னு ஒரு சீட்டுகூட இருக்கக் கூடாது.”

கார்மேகம் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். பத்மநாபன் ஓர் அடி பின்னால் போனார். கார்மேகம் அவர் கையை இழுத்து, உள்ளங்கையில் பிளேடை வைத்தார்.

“நீங்களே சொரண்டுங்க சார். புதுச் சீட்டுக்குப் பசை இல்லன்னா எச்சியத் தொட்டு ஒட்டிக்கங்க. உங்க நாக்கெல்லாம் அதுக்குத்தான் ஆகும்.”

லிப்ட்டில் ஆபிதா நின்றுகொண்டிருந்தாள், கையில் பிரஷர் கருவிப் பை. இரண்டாம் நம்பருக்கு மயக்கம் கிடையாது என்று ஆகிவிட்டதால் நீள நாற்காலியையும் அவளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

“எனக்குக் கிளினிக் இருக்குண்ணே” என்றாள். “நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“ஜூன் வரைக்கும் நாளு இருக்குல்ல. ஜெய்னுலாப்தீன் பாய்கிட்ட டிக்கெட்டப் போடச் சொல்ல வேண்டியதுதான். ஊர்ல போயி கிட்டங்கியிலயோ கல்லுக் குவாரியிலயோ நின்னாலும் அம்பத்தாறு வயசு ஆளுக்கு வேல இல்லாமப் போயிராது. அங்க எவனும் பாஸ்போர்ட்டு கேக்க மாட்டான்.”

“நாகவள்ளிகிட்ட என்ன சொல்லுவீங்க?”

“நெசத்தச் சொல்லுவேன். ஒங்கப்பன் உள்ளதச் சொல்லியிருந்தா பாசாயிருப்பான், பொய் சொல்லி ஃபெயிலாயிட்டான்னு. அவ சிரிப்பா. படிப்ப நிறுத்த விட மாட்டேன், அது வேற.”

கீழே வெயில் தணிந்திருந்தது. ஆபிதா கராமா பக்கம் போனாள். கார்மேகம் ரோட்டைக் கடப்பதற்குள் பத்மநாபன் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. கையில் நாலு பக்கக் காகிதம்.

“மேல்முறையீட்டுப் படிவம்” என்றார். “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. செப்டம்பர்ல அடுத்த பத்திரிகை வரும். ரசனை திரும்ப மாறினாலும் மாறும். அப்ப ஐந்துன்னு தீர்மானம் வந்துச்சுன்னா, நீங்க இன்னிக்குச் சொன்னது சரின்னு ஆயிடும். முன்தேதி போட்டு லெட்டர் குடுத்துடலாம்.”

“செப்டம்பர்ல நான் இங்க இருக்க மாட்டேனே சார்.”

“அதனாலதான் இப்பவே கையெழுத்துக் கேக்கறேன். ஆள் இல்லாட்டாலும் பைல் நகரும்.”

கார்மேகம் படிவத்தை வாங்கவில்லை. அதன் மேல்மூலையில் பேரவையின் முத்திரை பளபளவென்று இருந்தது. அதையும் பார்த்தார், அதை நீட்டிக்கொண்டு நிற்கிற பத்மநாபனையும் பார்த்தார். மனிதர் நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கார்மேகம் ஷார்ஜா பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கார்மேகம்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “இந்தத் தடவை நம்பிக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பவும் இல்லை.